குழந்தைகளோடு கூடாரத்தில் இரண்டு இரவு!

"தம்பி எங்கே?"

இந்தக் கேள்வியை முதலில் கேட்டது ஆயாதான்.

2023-ம் ஆண்டு மே மாதம். மாலை 6 மணி. ஏலகிரி மலையில் ஒரு தோட்டம். சென்னை பெரம்பூரில் இருந்து ஒரு குடும்பம் அங்கே வந்து இறங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

அப்பா கூடாரத்துக்கு முளை அடித்துக்கொண்டு இருந்தார். அம்மா அடுப்போடு மல்லாடிக்கொண்டு இருந்தார். 7 வயது மகள் பைக்குள் தலையை விட்டு எதையோ தேடிக்கொண்டு இருந்தாள். 3 வயதுப் பையனை மட்டும் காணவில்லை!

"உன்கிட்டதானே இருந்தான்?" என்றார் அப்பா.

"உங்க பின்னாடிதானே நின்னுட்டிருந்தான்?" என்றார் அம்மா.

"நீங்க ரெண்டு பேர்ல யாராவது பார்த்துக்குவீங்கன்னு நான் இருந்துட்டேனே!" என்று ஆயா தலையில் கை வைத்தார்.

நாலு பேரும் நாலு பக்கம் ஓடினார்கள். இருட்டிக்கொண்டு வந்தது. டார்ச் விளக்கு எந்தப் பையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

பையன் அகப்பட்டான். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நின்றான். ஒரு கோழியைத் துரத்திக்கொண்டு அவ்வளவு தூரம் போய்விட்டான். தோட்டக்காரரின் மனைவி அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டு இருந்தார். அவனுக்கு எதிரே, நாலே அடி தூரத்தில், ஒரு பாசனக் கிணறு. அதற்குச் சுற்றுச்சுவர் கிடையாது!

மொத்தம் 5 நிமிடம் இருக்கலாம்.

அன்று இரவு அந்தக் குடும்பத்தில் குழந்தைகளைத் தவிர வேறு யாரும் கண் மூடவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்சிலேயே மலையை விட்டு இறங்கிவிட்டார்கள். "கூடாரமும் வேண்டாம், மலையும் வேண்டாம்" என்றார் அம்மா.

ஆனால் அடுத்த ஆண்டு மே மாதம் அதே குடும்பம், அதே மலைக்கு, கூடாரத்தோடு மறுபடியும் போயிற்று. இரண்டு இரவு தங்கிவிட்டுச் சிரித்த முகத்தோடு திரும்பி வந்தது.

நடுவில் அவர்கள் செய்தது என்ன? திட்டம் போட்டார்கள். அவ்வளவுதான்!

அந்தக் காலத்து வண்டிப் பயணம்

கூடாரம் அடித்து வெளியே தங்குவது ஏதோ வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். 1907-ம் ஆண்டு இங்கிலாந்தில் பேடன் பவல் 20 சிறுவர்களைப் பிரவுன்சீ தீவுக்கு அழைத்துப்போய் முகாம் நடத்தினார். சாரணர் இயக்கம் அதில் இருந்துதான் பிறந்தது. இதைப் பள்ளிக்கூடத்தில் படித்து இருப்பீர்கள்.

ஆனால் நம் பாட்டன், பூட்டன் செய்தது என்ன? சித்திரை மாதம் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு மதுரைக்குப் போனார்கள். வண்டிக்கு அடியிலும் மரத்தடியிலும் படுத்தார்கள். கட்டுச்சோறு சாப்பிட்டார்கள். மூன்று கல் வைத்துச் சமைத்தார்கள். கைக்குழந்தைக்கு வண்டியிலேயே தூளி ஆடியது. இதுவும் முகாம்தானே?

ஒரு வித்தியாசம் உண்டு. அந்த வண்டிகள் தனியாகப் போகவில்லை. ஊரே சேர்ந்து போயிற்று. ஒரு குழந்தையைப் பார்த்துக்கொள்ள அத்தை, சித்தி, பெரியப்பா, பக்கத்து வீட்டுக்காரர் என்று 20 ஜோடிக் கண்கள் இருந்தன.

இப்போது போகிற குடும்பத்தில் பெரியவர்கள் இரண்டு பேர், மிஞ்சிப்போனால் மூன்று பேர். அந்தக் கைகளும் முளை அடிக்கவும் அடுப்பு மூட்டவும் போய்விட்டால், குழந்தைக்கு யார்? பெரம்பூர்க் குடும்பம் தடுக்கி விழுந்தது இங்கேதான்.

"இப்போ உன் முறை!"

ஆகவே, அவர்கள் போட்ட திட்டத்தில் முதல் வரி உணவும் இல்லை, உடையும் இல்லை. காவல்!

எந்த நேரமும் ஒருவர் காவல். காவலில் இருப்பவருக்கு வேறு வேலை கிடையாது. சமைக்கக் கூடாது. செல்போனைப் பார்க்கக் கூடாது. புகைப்படம்கூட எடுக்கக் கூடாது. ஒரு மணி நேரம் ஆனதும் அடுத்தவர்.

மாற்றும்போது வாய் திறந்து சொல்ல வேண்டும். "இப்போ உன் முறை" என்று ஒருவர் சொல்ல வேண்டும். "சரி, நான் பார்த்துக்கறேன்" என்று மற்றவர் சொல்ல வேண்டும். ஜாடை காட்டுவது செல்லாது!

காவலுக்கு அடையாளமாக ஆயாவின் பழைய சிவப்புத் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டார்கள். துண்டு யார் தோளில் இருக்கிறதோ, அவர்தான் காவல். விளையாட்டுப் போலத் தோன்றும். ஆனால், "யாராவது பார்த்துக்குவாங்க" என்ற பேச்சுக்கே இதில் இடம் இல்லை.

தண்ணீர் அருகே இது இன்னும் முக்கியம். குழந்தை தண்ணீரில் விழுந்தால் கூச்சல் போடும், கை கால்களை அடித்துக்கொள்ளும், நாம் ஓடிப்போய்த் தூக்கிவிடலாம் என்று எண்ணுகிறோம். சினிமாவில் அப்படித்தான் காட்டுகிறார்கள். உண்மையில் சத்தமே இருக்காது. மூச்சுக்குத் திணறுகிற குழந்தையால் கத்த முடியாது. ஒன்றிரண்டு நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். சிறு குழந்தைக்கு முழங்கால் அளவுத் தண்ணீரே போதும்.

அதனால் ஏரி, குளம், அருவி, கிணறு எதன் பக்கத்தில் இருந்தாலும், காவலில் இருப்பவர் கை நீட்டினால் குழந்தையைத் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும். படகில் ஏறினால் குழந்தையின் அளவுக்கு ஏற்ற மிதவைச் சட்டை வேண்டும். பெரியவர்களின் சட்டையைக் குழந்தைக்கு மாட்டினால், தண்ணீரில் சட்டை மேலே வந்துவிடும், குழந்தை கீழே நழுவிவிடும்.

இடத்துக்குப் போனதும் பையை இறக்கும் முன்பே ஒருவர் சுற்றி வர வேண்டும். கிணறு எங்கே? தொட்டி எங்கே? பள்ளம் எங்கே? நாய் கட்டி இருக்கிறதா, அவிழ்த்துவிட்டு இருக்கிறதா? 10 நிமிட வேலை. இரண்டாம் முறை அந்த அப்பா முதலில் இதைத்தான் செய்தார். பழைய தோட்டத்துக்கு அவர்கள் போகவில்லை. சுற்றிலும் வேலி உள்ள வேறு இடத்தை, முன்பே போனில் விசாரித்துப் பிடித்தார்கள்.

எந்த மலை?

"போவதுதான் போகிறோம், ஊட்டிக்கே போனால் என்ன?" என்று கேட்கலாம்.

மலையில் ஆயிரம் அடி ஏறினால் ஏறத்தாழ 2 டிகிரி வெப்பம் குறையும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏலகிரி ஏறத்தாழ 3,600 அடி உயரம். சென்னையில் 40 டிகிரி கொளுத்தும்போது அங்கே 33 டிகிரி அளவில் இருக்கும். பகலில் வெயில் தெரியும். ஆனால் இரவில் ஒரு போர்வை போதும்.

ஏற்காடு ஏறத்தாழ 5 ஆயிரம் அடி. கொடைக்கானல் 7 ஆயிரம் அடி. ஊட்டி அதற்கும் மேல். கத்திரி வெயில் காலத்திலும் அங்கே இரவில் 12 டிகிரி அளவுக்குக் குளிர் இறங்கும். கட்டடத்துக்குள் தங்கினால் அது சுகம். ஆனால் 3 வயதுக் குழந்தையோடு துணிக் கூடாரத்தில் படுத்தால்? முதல் தடவைக்கு வேண்டவே வேண்டாம்!

கூட்டம் வேறு இருக்கிறது. வாகன நெரிசல் தாங்காமல், சென்னை ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2024 மே 7-ந் தேதி முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்தது. விடுமுறை நாளில் மலைப்பாதையில் மணிக்கணக்கில் நின்ற காருக்குள் அழுகிற குழந்தையைச் சமாளித்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

இன்னொன்று. காட்டுக்குள் கண்ட இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. காப்புக் காட்டுக்குள் வனத்துறையின் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். 1882-ம் ஆண்டிலேயே வந்த சட்டம் இது. சட்டத்துக்காக மட்டும் அல்ல. கோடையில் மலைப் புல் காய்ந்து கிடக்கும். ஒரு பொறி போதும். 2018 மார்ச் 11-ந் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அவர்கள் எல்லாம் ஓடத் தெரிந்த பெரியவர்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாரால் தீயை முந்த முடியும்?

ஆகவே, ஊருக்குப் பக்கத்தில், உரிமையாளர் அனுமதியோடு, கழிப்பறையும் நல்ல தண்ணீரும் உள்ள முகாம் இடமே குடும்பத்துக்கு ஏற்றது. கூடாரத்தை வாடகைக்குத் தருகிற இடங்களும் உண்டு. கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இரவில் அங்கே யார் இருப்பார்கள்? மழை பெய்தால் ஒதுங்கக் கட்டடம் உண்டா? பக்கத்தில் ஆஸ்பத்திரி எங்கே? மூன்றுக்கும் பதில் வராத இடத்துக்குப் போகாமல் இருப்பதே நல்லது.

மொட்டை மாடி முகாம்

இரண்டாம் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு பெரம்பூரில் ஒரு வேடிக்கை நடந்தது. அந்தக் குடும்பம் தன் வீட்டு மொட்டை மாடியில் கூடாரம் அடித்தது!

பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும்! அந்த ஒரே இரவில் தெரிந்துகொண்டது கொஞ்சமா, நஞ்சமா?

கூடாரத்தை நிறுத்த முதல் தடவை 50 நிமிடம் ஆயிற்று. மாடியில் முளை அடிக்க முடியாது. தண்ணீர்க் குடத்தில் கயிற்றைக் கட்டினார்கள். மூன்றாம் தடவை நிறுத்தியபோது 15 நிமிடத்தில் முடிந்தது.

"4 பேருக்கு" என்று எழுதி இருந்த கூடாரத்தில் 4 பேர் படுத்தால் திரும்பிப் படுக்க இடம் இல்லை. இரண்டு பெரியவர், இரண்டு குழந்தை என்றால் சரி. ஆயாவுக்கு?

"எனக்கு அந்தத் துணி வீடெல்லாம் ஆகாதும்மா. ஒரு கயித்துக் கட்டில் கெடைக்குமா கேளு" என்றார் ஆயா. முகாம் இடத்தில் பக்கத்திலேயே ஓர் அறை இருந்தது. ஆயாவுக்கு அதைப் பிடித்தார்கள். பிறகு அந்த அறையே எல்லோருக்கும் உதவியது. அது பின்னால் வருகிறது.

இருட்டில் கூடாரத் துணியில் மரத்தின் நிழல் ஆடியபோது பையன் பயந்து அழுதான். பழகிய தலையணையும், தினம் கட்டிக்கொண்டு தூங்குகிற பழைய சேலைத் துண்டும் வந்தபிறகே தூங்கினான். இது மலை மேல் நடு இரவில் தெரிந்து இருந்தால் என்ன செய்வது? சேலைத் துண்டு பட்டியலில் முதல் இடம் பிடித்தது.

இன்னொன்றும் தெரிந்தது. காலை 9 மணிக்கு மேல் கூடாரத்துக்குள் அனல் அடித்தது. மூடிய காரைப் போலத்தான் மூடிய கூடாரமும். வெயிலில் உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். பகலில் குழந்தையை அதற்குள் தூங்கவைத்துவிட்டுப் போகவே கூடாது. மர நிழலில் பாய் விரித்துத் தூங்கவையுங்கள்.

ரெயிலா, பஸ்சா?

சென்னையில் இருந்து ஏலகிரிக்கு ரெயிலே வசதி. ஜோலார்பேட்டையில் இறங்க வேண்டும். அங்கே இருந்து மலைக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர்.

இந்த மலையின் பெயரிலேயே ஒரு ரெயில் இருக்கிறது. ஏலகிரி எக்ஸ்பிரஸ்! பெயரைப் பார்த்து மயங்கி முதல் தடவை அதில் டிக்கெட் எடுக்கப் பார்த்தார் அந்த அப்பா. ஆனால் அது சென்னையில் மாலையில் புறப்பட்டு இரவில் ஜோலார்பேட்டை போய்ச் சேருகிற ரெயில். குழந்தைகளோடு இரவில் மலை ஏறிக் கூடாரம் அடிப்பதாவது!

முதல் தடவை பஸ்சில் போய், மாலை ஐந்தரை மணிக்குச் சேர்ந்தார்கள். அவசரமும் குழப்பமும் அதனால்தான். இரண்டாம் முறை காலை ரெயில். பிற்பகல் 2 மணிக்கெல்லாம் இடத்தில் இருந்தார்கள். சூரியன் மறைய 3 மணி நேரமாவது மிச்சம் இருக்கும்படி போய்ச் சேர வேண்டும். இது கூடாரவாசிகளின் முதல் விதி.

மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்து இருக்கிறார்கள். மகள் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தாள். இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. வெளியே தூரத்தில் பார்க்கும் குழந்தைக்கு வாந்தி குறைவு. மடியில் குனிந்து செல்போன் பார்க்கும் குழந்தைக்கு வாந்தி நிச்சயம்! புறப்படும் முன் பூரி, வடை வேண்டாம். இரண்டு இட்லி போதும். வாந்திக்கு மாத்திரை கொடுப்பதானால் டாக்டரைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கேட்காமல் கூடவே கூடாது.

கட்டுச்சோறு

சாப்பாட்டு விஷயத்தில் நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியது இல்லை. முதல் நாளுக்குப் புளிச்சோறும், மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும். தயிர்ச்சோற்றுக்குப் பாலை ஊற்றிக் கொஞ்சம் மோர் விட்டுப் பிசைந்தால், சாப்பிடும் நேரத்துக்குப் புளிக்காமல் இருக்கும். இரண்டாம் நாளுக்கு வறுத்த ரவை, அவல், சத்துமாவு. சூடான தண்ணீர் இருந்தால் 10 நிமிடத்தில் சாப்பாடு.

தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுங்கள். ஊர் மாறினால் குழந்தைக்கு முதலில் வருவது வயிற்றுப்போக்குதான். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நாலு கையில் இருக்கட்டும். பொட்டலம் இல்லாவிட்டால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்ட வேண்டும். உப்பை அதிகம் போட்டுவிடாதீர்கள். அது ஆபத்து. குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, சிறுநீர் போகாமல் இருந்தாலோ, முகாமை மூட்டை கட்டிவிட்டு டாக்டரிடம் போய்விட வேண்டும். மலைக்குக் கீழே திருப்பத்தூரில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது.

அடுப்பைச் சுற்றி ஒரு கோடு கிழியுங்கள். சுண்ணாம்புக் கோடோ, கயிறோ எதுவானாலும் சரி. அதைத் தாண்டிக் குழந்தை வரக் கூடாது. "கோட்டைத் தாண்டினா அவுட்!" என்று சொல்லி வைத்தார் அம்மா. "தாண்டாதே" என்று கத்துவதைவிட அது நன்றாக வேலை செய்தது.

குரங்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாழைப்பழத்தைக் குழந்தை கையில் கொடுத்து வெளியே நிற்க வைக்காதீர்கள். குரங்குக்குப் பழம்தான் வேண்டும். ஆனால் குழந்தை பழத்தை விடாது!

கூடாரத்துக்குள் கரி அடுப்பா?

இரவில் குளிருகிறது என்று சிலர் கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோய் வைக்கிறார்கள். இதைவிடப் பெரிய ஆபத்து வேறு இல்லை.

எரியும் கரியில் இருந்து கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு வருகிறது. அதற்கு நிறம் இல்லை. வாசனை இல்லை. மூடிய இடத்தில் அது சேர்ந்துகொண்டே போகும். தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே போய்விடுவார்கள். கங்கு அணைந்துவிட்டது போல் தோன்றினாலும் வாயு வந்துகொண்டே இருக்கும். கியாஸ் அடுப்பும் அப்படியே. கூடாரத்துக்குள் எந்த நெருப்பும் கூடாது. கொசுவர்த்திகூடக் கூடாது. குளிருக்குச் சால்வை இருக்கிறது, குல்லாய் இருக்கிறது. காலுறை போட்டுப் படுக்கவைத்தால் குழந்தை நன்றாகத் தூங்கும்.

அடுத்தது பாம்பு.

சோற்றுப் பருக்கை சிதறிக் கிடந்தால் எலி வரும். எலி வந்தால் பாம்பு வரும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் இடத்தைக் கூட்டி, மிச்சத்தை மூடித் தூரத்தில் வைத்துவிட வேண்டும். தரையும் சுவரும் சேர்த்துத் தைத்த, ஜிப் வைத்த கூடாரமாகப் பார்த்து எடுங்கள். ஜிப்பை எப்போதும் மூடி வையுங்கள். காலையில் செருப்பையும் ஷூவையும் தட்டிவிட்டே போட வேண்டும். தேள் ஒதுங்கி இருக்கலாம். இரவில் வெளியே போனால் காலில் செருப்பு, கையில் டார்ச்.

கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். தரையில் தூங்குகிறவர்களைக் கடித்துவிடும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ அதிகம் இருக்காது. அதுதான் மோசம். விடியற்காலையில் குழந்தை வயிற்றுவலி என்று அழுது, கண் இமை தொங்கி, பேச்சுக் குழறினால், "ராத்திரி சாப்பிட்டது சேரவில்லை" என்று சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டு இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரி!

பாம்பு கடித்தால் கத்தியால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், கயிற்றால் இறுகக் கட்டுவதும் தவறு. கடித்த காலையோ கையையோ அசைக்காமல் வைத்து, குழந்தையை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு, விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 108-க்குப் போன் செய்யலாம். செல்போனில் சிக்னல் எந்த மூலையில் கிடைக்கிறது என்பதைப் பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பயமுறுத்தச் சொல்லவில்லை. பெரம்பூர்க் குடும்பம் ஒரு பாம்பையும் பார்க்கவில்லை. பார்த்தது எல்லாம் ஓர் ஓணான்தான். பையன் அதற்குப் பெயர்கூட வைத்துவிட்டான்.

பலா மரம் ஜாக்கிரதை!

இரண்டாம் முறை கூடாரம் அடிக்க நல்ல நிழல் தேடினார் அப்பா. அடர்ந்த மரம் ஒன்று இருந்தது. முளையை எடுத்தார். தோட்டக்காரர் ஓடி வந்தார்.

"சார், மேலே பாருங்க!"

பார்த்தால், தலைக்கு நேர் மேலே பலாப்பழங்கள்! கோடையில் ஏலகிரியில் பலா பழுக்கும் காலம். ராத்திரியில் ஒன்று கழன்று விழுந்தால் கூடாரம் என்ன ஆவது, உள்ளே இருக்கிறவர்கள் என்ன ஆவது?

காய்ந்த கிளை உள்ள மரத்தடியும் கூடாது. பள்ளமான இடமும் கூடாது. கோடை மழை வந்தால் தண்ணீர் அங்கே வந்துதான் தேங்கும். கூடாரக் கயிறுகளில் வெள்ளைத் துணிக் கிழிசலை முடிச்சுப்போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் ஓடுகிற குழந்தை தடுக்கி விழும். இருட்டில் பெரியவர்களும்தான்!

கோடை மழை என்றதும் இரண்டாம் நாள் மாலை நினைவுக்கு வருகிறது. நாலு மணி வரை சுள்ளென்று வெயில். திடீரென்று மேகம் கறுத்தது. இடி முழங்கியது. மின்னலுக்குக் கூடாரம் பாதுகாப்பு அல்ல. தனி மரத்தடியும் பாதுகாப்பு அல்ல. நல்ல கட்டடத்துக்குள் போக வேண்டும், அல்லது மூடிய காருக்குள். ஆயாவின் அறை கை கொடுத்தது! எல்லோரும் அதற்குள் புகுந்துகொண்டார்கள். ஒன்றரை மணி நேரம் மழை. அந்த ஒன்றரை மணி நேரமும் ஆயா கதை சொன்னார். தன் சின்ன வயதில் வண்டி கட்டிக்கொண்டு திருவிழாவுக்குப் போன கதை. வழியில் அச்சாணி கழன்ற கதை.

மழை விட்டதும் புங்கனூர் ஏரியைச் சுற்றி வந்தார்கள். மகள் படகில் போனாள். பையன் கரையில், சிவப்புத் துண்டு போட்ட அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கழுத்தில் விசில்

எவ்வளவு காவல் இருந்தாலும், குழந்தை கண் மறைவாகப் போய்விடலாம். அதற்கும் வழி செய்து இருந்தார்கள்.

இரண்டு குழந்தைகளுக்கும் பளிச்சென்று தெரியும் ஆரஞ்சு நிறச் சட்டை. பச்சை, பழுப்பு நிறம் செடிகொடிக்குள் தெரியாது. சட்டைப் பைக்குள் அப்பாவின் செல்போன் எண் எழுதிய சீட்டு. கழுத்தில் ஒரு விசில். கழுத்தை நெரிக்காதபடி, இழுத்தால் அறுந்துபோகிற மெல்லிய நூலில் கட்டியது.

"அம்மாவைக் காணலைன்னா என்ன பண்ணணும்?" என்று மாடியிலேயே ஒத்திகை நடந்தது.

"நகரக் கூடாது. மரத்தைப் புடிச்சுக்கிட்டு நிக்கணும். மூணு தடவை ஊதணும்" என்று மகள் ஒப்பித்தாள்.

பையனுக்கு ஊதுவது மட்டும் பிடித்துப்போயிற்று. மலையில் இருந்த இரண்டு நாளும் காரணம் இல்லாமல் ஊதித் தள்ளினான். முதல் நாள் ஒவ்வொரு தடவையும் மூன்று பெரியவர்களும் பதறி ஓடி வந்தார்கள். மாலையில் ஆயா ஒரு யோசனை செய்தார். "சாமி, சும்மா ஊதணும்னா ஒரு தடவை ஊது. நெசமா வேணும்னா மூணு தடவை ஊது." அவனுக்கு மூன்று வரை எண்ணத் தெரியும். அதன்பிறகு பெரியவர்கள் கொஞ்சம் உட்கார்ந்தார்கள்.

ஊர் திரும்பிய மறுநாள் ஈரக் கூடாரத்தை மொட்டை மாடியில் காயப்போட்டார் அப்பா. ஈரத்தோடு மடித்து வைத்தால் பூசணம் பிடித்து, அடுத்த கோடைக்குள் துணி மக்கிவிடும். மாலையில் மடிக்கப் போனார். முடியவில்லை. பையன் உள்ளே இருந்து ஜிப்பைப் போட்டுக்கொண்டு விட்டான். விசில் சத்தம் கேட்டது.

ஒரு தடவைதான்.